பியானோவும் பழியும்

பியானோவின் சுருதி கலைந்தால், வாங்கியவர் விற்றவரைக் குறைகூறுவார். விற்றவர் சுருதி சேர்ப்பவரைக் காட்டுவார். அவரோ செய்தவர்மேல் குற்றஞ் சாட்டுவார். சிங்கப்பூரிலோ, குற்றம் பல வேளைகளில் காற்றினுடையது. வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் கிறிஸ்தோபோரி என்பார் இக்கருவியை அமைத்தார். குளிர்நாட்டில் மரமும் விலங்குப் பசையும் கொண்டு வளர்ந்த அது, ஆங்கிலேயர் ஆட்சியில் கப்பலேறி இங்கு வந்தது. இவ்வூர்க் காற்றின் ஈரப்பதமோ ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். மரம் உப்பிற்று, அழுத்திய கட்டைகள் மீண்டெழவில்லை, பசை விட்டது, கம்பிகள் துருவேறின. காரணம் உணர்ந்த ஐரோப்பியத் தொழிலாளர், வெப்பநாடுகளுக்கெனத் தனிப் பியானோக்கள் செய்து, ஒட்டிய இணைப்புகளைத் திருகாணிகளாலும் இறுக்கினர்.

மிருதங்கம் பயில்வோர்க்கு இஃது புதிதன்று. மழைநாளில் தோல் தளர்ந்தால் மீண்டும் சுருதி சேர்ப்பரேயன்றிச் செய்தவரை ஏசார். பியானோவுக்கும் அந்நீதியே வேண்டும். பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்தும் அறையில் மரம் நாள்தோறும் சுருங்கி விரிகிறது. ஆதலின் முதலில் ஈரப்பதமானியைப் பார்க்க வேண்டும். அறையில் குறையில்லையெனில் கருவியை ஆராயலாம். ஆராயாது கூறும் பழி, நல்ல தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்கும், கருவியும் செம்மையுறாது.