ஓமி

ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றியிருந்த பழைய மாகாணம் ஓமி. ‘அவ’ என்பது உப்பற்றது, ‘உமி’ என்பது கடல். நன்னீர்க் கடல் என்று பொருள்படும் ‘அவ உமி’ முதலில் ‘அஃபுமி’ என்று குறுகி, பிறகு ஓமி ஆயிற்று. ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியைக் கடல் என்றதில் மிகையே இல்லை.

எழுத்தில்தான் சுவையான சிக்கல். 712இல் முடிந்த ‘கொஜிகி’ நூல் இப்பெயரை ‘அருகு’, ‘உப்பற்ற’, ‘கடல்’ என மூன்று எழுத்துகளால் எழுதுகிறது. ஊர்ப்பெயர்களை நல்ல எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 713இல் அரசாணை வந்தது. மாகாணப் பெயர்கள் இரண்டெழுத்து வடிவில் நிலைத்தன. ஓமிக்குக் கிடைத்தவை ‘அருகு’, ‘ஆறு’. எழுத்தில் அருகு உண்டு, ஒலிப்பில் இல்லை!

எதற்கு அருகு? தலைநகருக்கு. தொலைவிலிருந்த ஹமனா ஏரியால் பெயர்பெற்ற மாகாணம் தோதோமி, அதாவது தொலைவின் நன்னீர்க் கடல். இங்கே ‘தொலைவு’ ஒலிப்பிலும் நிற்கிறது. 1498இல் வந்த பெரும் நிலநடுக்கமும் கடற்கோளும் ஹமனாவுக்கும் கடலுக்கும் இடையிலிருந்த கரையை உடைத்தன. அன்றுமுதல் அது உவர்நீர் ஏரி. பெயர் மட்டும் பழைய நன்னீரையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாகாணப் பெயரில் இவ்வளவு நிலவரலாறு தங்கியிருப்பது அரிது.

667இல் பேரரசர் தெஞ்சி தலைநகரை ஓமியின் ஓத்சுவுக்கு மாற்றினார். 672இன் உள்நாட்டுப் போரோடு அந்தத் தலைநகர்க் காலம் முடிந்தது. போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் அசுச்சிக் கோட்டையும் இம்மண்ணில்தான் எழுந்தது. 1871இல் பழைய ஆட்சிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. இன்று இப்பகுதி ஷிகா மாநிலம். இங்கிருந்து நாடெங்கும் சுற்றி வணிகம் செய்தவர்கள் இன்றும் ‘ஓமி வணிகர்’ என்றே பேசப்படுகிறார்கள். இப்பகுதியின் மாட்டிறைச்சிக்கும் ஓமி என்ற பெயர்தான்.