சதுரகிரிக்கு அந்தப் பக்கம்

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போவது எங்கள் வீட்டு வழக்கம். வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையில் ஏறுவோம். சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுத் தாணிப்பாறையில் இறங்கினால் வத்திராயிருப்பு. காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். அந்த வத்திராயிருப்புதான் இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர் என்பது நான் கம்பத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்த வந்த பிறகுதான் தெரிந்தது.

1898-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் போய்ச் சேர்ந்தார். 1928-இன் ராமன் விளைவில் அவருக்கு இருந்த பங்கை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருடத்து வேலைதான் பெரிது. மூலக்கூறு பெரும்பாலும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு வாக்கில் அதன் எலக்ட்ரான்கள் எளிதாக இழுபடும்; இன்னொரு வாக்கில் முரண்டு பிடிக்கும். மின்புலம் வைத்தால் அந்த இளகிய வாக்கு புலத்தோடு சேர்ந்து நிற்கப் பார்க்கும். திரவத்துக்குள் போகும் ஒளியை இது என்ன செய்யும் என்று 1927-இல் ராமனும் கிருஷ்ணனும் கணக்கிட்டார்கள். பிறகு டாக்காவில் கிருஷ்ணன் படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அவை திரும்புவதை வைத்தே உள்ளே மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறது என்று சொன்னார்.

லேசர் பிறந்தது 1960-இல். மறு வருடம் ஜூனில் கிருஷ்ணன் காலமானார். லேசர் ஒளியிலும் மின்புலம் உண்டு. மிக வலுவான புலம். வாயுவில் கண்டபடி உருளும் மூலக்கூறுகளை அதன் துடிப்பு ஒரே வாக்கில் நிறுத்தும் என்று 1995-இல் பிரீட்ரிக், ஹெர்ஷ்பாக் இருவரும் கணித்தார்கள். சில வருடங்களில் மற்றவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். அப்படி நிற்கும்போதே இன்னொரு ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரானை வெளியே தள்ளி, அது எந்தத் திசையில் பறக்கிறது என்று பார்க்கிறார்கள்.

மூலக்கூறை எதற்கு நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். போடியிலிருந்து வாங்கி வந்த இலவங்காய் ஒன்றை எடுப்பேன். காய்தான் மூலக்கூறு, பஞ்சுதான் எலக்ட்ரான். வெடிப்பு ஜன்னல் பக்கம் இருக்கும்படி பிடித்துத் தட்டினால் பஞ்சு ஜன்னல் பக்கமே பறக்கும். காய் எப்படி வெடித்திருக்கிறது என்பதைப் பஞ்சு போன வழியே சொல்லிவிடும். பத்துக் காய்களை ஒரு சாக்கில் போட்டு உருட்டிவிட்டுத் தட்டினால், நாலாபுறமும் ஒரே பஞ்சு மண்டலம். எந்தக் காய் எங்கே வெடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் செய்து காட்டச் சொல்வார்கள். செய்வேன். அன்றைக்கு வீடு போகும் பிள்ளைகளின் தலையெல்லாம் பஞ்சு.