நாய் வண்டியும் காயடிப்பு இடுக்கியும்

கால்நடை ஆய்வாளராகச் சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிய காலத்தில், என் சைக்கிள் கேரியரில் ஓர் இரும்பு இடுக்கி எப்போதும் இருக்கும். இத்தாலிக்காரர் பர்டிசோ உருவாக்கியது. அவர் பேரைச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் கேட்போம். தோல் கிழியாது, ரத்தம் வராது. விதைக்குப் போகும் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே நசுங்கிவிடும். அதற்கு முந்தைய தலைமுறை காளையைக் கீழே தள்ளிக் கட்டையால் அடித்தே காயடித்தது. சேராப்பட்டு சாலையோர ஊர்களில் காயடிக்காத மாட்டை ஏரில் பூட்ட எந்தக் குடியானவரும் துணிய மாட்டார்.

இனப்பெருக்கத்தை நிறுத்துகிற வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. நாய் விஷயத்தில் மட்டும் அந்த நினைப்பே வரவில்லை. நாய் பெருத்தால் தடி, இல்லையென்றால் விஷம். பட்டணமாக இருந்தால் நாய் வண்டி.

சென்னை மாநகராட்சி 1860இல் தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியது. தொடக்கத்தில் நாளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்ததாம். 1990களின் நடுவில் அது நாளுக்கு 135ஐத் தொட்டது என்று ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பினர் சொல்கிறார்கள். பேசின் பிரிட்ஜ் பட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். தோல் எவ்வளவு குவிந்தது என்றால், 1970களில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் கழுத்து டை செய்து பார்க்கும் அளவுக்கு! நூற்றிமுப்பது வருஷம் ஒரு வேலையைச் செய்து, முடிவில் அந்த வேலையே நூறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது என்றால், செய்த விதம் சரியில்லை என்று கணக்குப்பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டும்.

காரணம் சிக்கலானதில்லை. நாயைப் பிடித்துப் போன தெருவில் எச்சில் இலையும் கறிக்கடைக் கழிவும் அப்படியே கிடக்கின்றன. அடுத்த தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போட்டி குறைந்ததால் குட்டிகளும் கூடுதலாகப் பிழைக்கின்றன. நாய்களை அகற்றியதால் அவற்றின் அடர்த்தியோ வெறிநோயின் பரவலோ குறிப்பிடும்படி குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1992 அறிக்கையில் எழுதியது.

கொன்றவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. வெறிநாய் கடித்துச் செத்தவரை ஒரு தடவை பார்த்தவர் அதை மறக்க மாட்டார். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய பிறகு, கடிபட்டவர்கள் மருந்துக்காக மலையேறினார்கள். பிறகு ஊசி கீழே வந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்டார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை 2004 கடைசியில்தான் இந்தியா நிறுத்தியது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சட்டையைத் தூக்கி இடம் காட்டுவார்கள்.

கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம் என்று ப்ளூ கிராஸ் 1964இலேயே சொன்னது. விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959இல் தொடங்கிய அமைப்பு அது. மாநகராட்சி அதற்குச் செவிசாய்த்து, தென்சென்னையில் சோதனையாக ஆரம்பித்தது 1996இல். இடையில் 32 வருஷம். 2001இல் அது நாடு முழுவதற்கும் விதியாயிற்று. 2023இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதியே அதை மாற்றியது: வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பழைய இடத்திலேயே விடச் சொன்னது.

அந்த வழக்கு டெல்லியை வைத்துத் தொடங்கியது. எங்கள் பக்கத்துத் தெருநாய் எங்கிருந்து வருகிறது என்பதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். குட்டி கேட்டு வருகிறவர் முதலில் வாலைத் தூக்கித்தான் பார்ப்பார். "கடுவன் இருந்தா குடு, பொட்டை வேணாம்." கடுவன் குட்டிகள் போன பிறகு மிஞ்சிய பொட்டைக் குட்டிகள் சாக்குப் பையில் ஏறி, சந்தை ஓரத்திலோ ஏரிக்கரையிலோ இறங்கும். பொட்டை நாய்க்குச் சினைக்காலம் இரண்டு மாதம். வருஷத்துக்கு இரண்டு ஈற்றுகூடப் போடும். வேண்டாம் என்று கழித்ததைத்தான் தெருவில் நட்டு வளர்க்கிறோம்.

கடுவனுக்கு விதை எடுப்பது சின்ன வேலை. பொட்டைக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பையையும் எடுக்க வேண்டும். மயக்க மருந்து, சுத்தமான அறை, தையல் ஆறும்வரை கூண்டு, பழகிய டாக்டர் என எல்லாம் தேவை. என் இடுக்கிக்கு அங்கே வேலையே இல்லை. 2023 விதிகள் கேட்கிற வசதியோடு மையம் வைப்பது சின்னப் பேரூராட்சிகளின் வரவுசெலவுக்குள் லேசில் அடங்காது. நாலைந்து பேரூராட்சிகள் சேர்ந்து ஒன்று வைத்தால் நடக்கும். மாவட்ட எல்லையைத் தாண்டினால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருநாய்க்கு இல்லாவிட்டாலும், வீட்டில் கட்டி வளர்க்கிற பொட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாமே.

இதைச் சொன்னதும் பக்கத்துத் தெரு அக்கா கேட்டார்: "ஏன் சார், கடுவனுக்குப் பண்ணிட்டா போதாதா? அதுதான் சின்ன வேலைங்கறீங்களே."

"பத்துக் கடுவன்ல ஒன்பதுக்குப் பண்ணினாலும் மிச்சம் ஒண்ணு போதும்க்கா, தெரு பூராவும் குட்டிதான். பொட்டை ஒண்ணுக்குப் பண்ணினா அதோட ஈத்து அத்தனையும் நின்னுடும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.