எடைமேடையை எங்கே வைப்பது?

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "அண்ணே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குப்பைதான்" என்றேன். "அதையே எழுதுப்பா" என்றார். எனவே பொறுத்தருள வேண்டும்.

நம் கல்லூரியில் சர்வே படித்தவர்கள் ஒரு கேள்வியை மறந்திருக்க மாட்டார்கள். வெயிலில் ஸ்டாஃப் பிடித்து, அளவுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போய் நீட்டினால், சார் நம் கணக்கைப் பார்க்கவே மாட்டார். "பெஞ்ச் மார்க் எங்கேடா?" என்பார். எந்த நாடு குப்பையை ஒழுங்காகக் கையாளுகிறது என்று உலகம் பட்டியல் போட்டுவந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் ஒரு சட்டம் போட்டது. 2020-க்குள் வீட்டுக் குப்பையில் பாதியையாவது மறுசுழற்சி செய்யவேண்டும். எப்படிக் கணக்கிடுவது? 2011-ல் நான்கு முறைகளைக் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நம் பரீட்சையில் இப்படியொரு சலுகை கிடைத்ததுண்டா? தரம் பிரித்துக் கப்பலேற்றிய சரக்கும் மறுசுழற்சிக் கணக்கில் சேர்ந்தது. உலகம் ஏற்றுமதி செய்த பழைய பிளாஸ்டிக்கில் ஏறத்தாழப் பாதி சீனாவுக்குத்தான் போனது. 2018 தொடக்கத்தில் சீனா கதவைச் சாத்தியது. அதே ஆண்டில் ஐரோப்பாவும் விதியை மாற்றி, மறுசுழற்சி ஆலைக்குள் சரக்கு நுழையும் இடத்தில்தான் எடை போடவேண்டும் என்றது.

கெய்ரோ கதை இதற்கு நேர் எதிர். 1940-களில் தெற்கு எகிப்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள், வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்தார்கள். ஸபாலீன் என்று பெயர். சோற்று மிச்சம் பன்றிக்கு. காகிதம், துணி, தகரம், பிளாஸ்டிக் எல்லாம் தங்கள் குடியிருப்பிலேயே பிரித்து விற்பனைக்கு. எடுத்ததில் 80 சதவிகிதம் வரை மீட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. என்ன பயன், அது எந்த எடைமேடையிலும் ஏறாத சரக்கு! 2000-களின் தொடக்கத்தில் ஸ்பெயின், இத்தாலி நாட்டுக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதன்படி 20 சதவிகிதம் மறுசுழற்சி செய்தால் போதும். லாரி வந்தது, தெருமுனைத் தொட்டி வந்தது, டன் கணக்கும் வந்தது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் பீதியில் நாட்டிலிருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவாயிற்று. சோற்று மிச்சம் தெருவில் குவிந்து நாறியபோதுதான், அதுவரை அதைத் தீர்த்துவந்தது யார் என்று ஊருக்கு உறைத்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2015-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜென்னா ஜாம்பெக் குழு, கடலில் சேரும் பிளாஸ்டிக்குக்கு 192 நாடுகளை வரிசைப்படுத்தியது. சீனா 1, இலங்கை 5, இந்தியா 12. கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களை மட்டும் எடுத்த கணக்கு அது. தீவில் அப்படிக் கோடு போட்டால் பெரும்பாலான ஜனங்கள் உள்ளே வந்துவிடுவார்கள். நமக்கோ கங்கைச் சமவெளியில் முக்கால்வாசி வெளியே நின்றுவிடும். 2024-ல் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு உள்நாட்டு ஊர்களையும், திறந்தவெளியில் எரிப்பதையும் சேர்த்து எண்ணியது. இந்தியா 1, சீனா 4. உலகின் 5 கோடியே 21 லட்சம் டன்னில் நம் பங்கு 93 லட்சம் டன். இந்தியாவின் அரசாங்கப் புள்ளிகளில் உருவாகும் குப்பை குறைவாகவும், அள்ளும் குப்பை அதிகமாகவும் காட்டப்பட்டிருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

ஆபீசில் எல்லாருக்கும் கோபம். "வெள்ளைக்காரன் எப்பவும் இப்படித்தான் சார்" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வரவில்லை. காரணம் உண்டு.

நான் முதலில் வேலை பார்த்த ஊரின் பெயர் வேண்டாம். அங்கே குப்பைக் கிடங்கின் எடைமேடை நெடுநாளாகப் பழுது. லாரி எத்தனை நடை, லாரியின் கொள்ளளவு எத்தனை டன், இரண்டையும் பெருக்கினால் அள்ளிய குப்பை. பாதி லாரியும் முழு லாரிதான். உருவான குப்பைக்கோ ஜனத்தொகையை வைத்து ஒரு நிலையான எண். வகுத்தால் 98 சதவிகிதம் வரும். மாதாமாதம் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அது மாவட்டம், மாநிலம் என்று மேலே ஏறிப் போகும். மூன்று வருஷம் போட்டேன், நண்பர்களே.

பிறகு எடைமேடையைச் சரிசெய்தார்கள். முதல் வாரச் சீட்டுகளைக் கூட்டினால், பழைய கணக்கில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே! ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய அறிக்கைகளைத் திருத்த அனுமதி கேட்டு எழுதினேன். முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வசதியாகப் பழைய முறையையே தொடருமாறு பதில் வந்தது. தொடர்ந்தேன். ஆனால் அந்த ஊரை விட்டு மாற்றலாகும் வரை, எடைச் சீட்டுகளைத் தினமும் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

நம் சர்வே சார் இந்தச் சந்திப்புக்கு வருகிறார் என்று கேள்வி. நோட்டைக் கொண்டுவருகிறேன்.