உருளையும் அல்ஜப்ரும்

நம் வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், உருளை பற்றிய பாடத்தில் சூத்திரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்போம். கன அளவு காண ஒன்று, வளைபரப்புக்கு ஒன்று, மொத்தப் பரப்புக்கு ஒன்று. அவற்றின் கீழே, கன அளவு தெரிந்து உயரம் காண ஒன்று, ஆரம் காண ஒன்று, வளைபரப்பிலிருந்து உயரம் காண மற்றொன்று. பிள்ளை அத்தனையையும் தனித்தனியே மனனம் செய்கிறது. தேர்வு முடிந்த மறுநாள் அத்தனையையும் மறக்கிறது. உண்மையில் அங்கே இருப்பவை மூன்றே. மற்றவையெல்லாம் அம்மூன்றையே திருப்பிப் போட்டவை.

அதே வீட்டுப் பெரியவர்களாகிய நாமோ, மீலாது மேடைகளில் “அல்ஜீப்ரா எங்கள் முன்னோர் தந்த கொடை” என்று முழங்கிவிட்டு வருகிறோம். அந்த முன்னோர் செய்ததுதான் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? சூத்திரத்தைத் திருப்பிப் போடும் கலையே அவர்கள் தந்த கொடை. அதனை உருளை ஒன்றை வைத்தே இங்கு பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

கதை பக்தாதில் தொடங்கவில்லை. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரில் வாழ்ந்து, கி.மு. 212இல் ரோமானியப் போர்வீரன் ஒருவனால் கொல்லப்பட்ட ஆர்க்கிமிடீஸிடம் தொடங்குகிறது. ஓர் உருளைக்குள் கச்சிதமாக அடங்கும் கோளம், கன அளவிலும் பரப்பிலும் அவ்வுருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதை நிறுவியவர் அவர். அக்கண்டுபிடிப்பில் அவருக்கிருந்த பெருமிதத்தின் அடையாளமாக, கல்லறையின் மேல் உருளையும் கோளமும் பொறிக்கப்பட்டன. கி.மு. 75இல் சிசிலியில் அலுவல் பார்த்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, முட்புதர்கள் மூடிக்கிடந்த அக்கல்லறையை அந்த உருவங்களைக் கொண்டே அடையாளம் கண்டார். ஊராருக்கோ அப்படி ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது!

ஆனால் ஆர்க்கிமிடீஸ் நம் பிள்ளைகள் எழுதுவது போன்ற சூத்திரம் எழுதியவர் அல்லர். உருளையின் வளைபரப்பு ஒரு வட்டத்தின் பரப்புக்குச் சமம். அவ்வட்டத்தின் ஆரம், உருளையின் உயரத்துக்கும் அடிவிட்டத்துக்கும் இடைப்பட்ட விகித சராசரியாகும் - இதுவே அவர் அவ்வுண்மையைச் சொன்ன முறை. உருவத்தை உருவத்தோடு ஒப்பிடுவது கிரேக்கர் மரபு. நீளத்தை நீளத்தால் பெருக்கிப் பரப்பு இத்தனை என்று எண்ணாகச் சொல்வது அவர்களுடைய வடிவ கணிதத்தின் வழக்கமன்று. அந்த வாக்கியம் அழகானதுதான். எனினும் வளைபரப்பைக் கொடுத்து உயரத்தைக் கேட்கும் ஒருவருக்கு அது எளிதில் வளைந்து கொடுக்காது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில், மூஸா இப்னு ஷாகிர் என்பவரின் மக்கள் மூவர் - முஹம்மது, அஹ்மது, ஹஸன் - இந்த மரபிலிருந்து ஓரடி விலகினார்கள். ‘பனூ மூஸா’ என்று வரலாறு அவர்களைச் சேர்த்தே அழைக்கிறது. தள உருவங்களையும் கோள உருவங்களையும் அளப்பது பற்றி அவர்கள் எழுதிய நூலில், வட்டத்தின் பரப்பு அரைவிட்டத்தையும் அரைச் சுற்றளவையும் பெருக்கினால் வருவது என்றும், கோளத்தின் கன அளவு அரைவிட்டத்தையும் பரப்பின் மூன்றில் ஒன்றையும் பெருக்கினால் வருவது என்றும் சொன்னார்கள். ஒப்பீடு போய்ப் பெருக்கல் வந்தது. இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். பெருக்கலாக எழுதப்பட்ட எதையும் வகுத்துத் திருப்பலாம் என்பதை நினைத்தால், அது எத்தகைய வாயிலைத் திறந்தது என்பது விளங்கும்.

ஒரு நெய் டின்னை எடுத்துக்கொள்வோம். ஆரம் 7 சென்டிமீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். பை என்பதற்குப் பள்ளிக்கூட மதிப்பாகிய 22/7 போதும். அடிப்பரப்பு 154, அதை 10ஆல் பெருக்கினால் கன அளவு 1540. சுற்றளவு 44, அதை 10ஆல் பெருக்கினால் வளைபரப்பு 440. இப்போது பனூ மூஸா வட்டத்துக்குச் சொன்னதை உருளைக்கு நீட்டிப் பாருங்கள். வளைபரப்பை ஆரத்தின் பாதியால் பெருக்கினால், அதாவது 440ஐ மூன்றரையால் பெருக்கினால், அதே 1540 கிடைக்கிறது! ஆதலின் கன அளவும் வளைபரப்பும் தெரிந்த ஒருவர், கன அளவை இருமடங்காக்கி வளைபரப்பால் வகுத்தால் 3080ஐ 440ஆல் வகுத்து 7 என்று ஆரத்தைப் பெற்றுவிடுவார். இதில் பை என்பதே வரவில்லை. ஆறு சூத்திரம் மனனம் செய்த பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அதன் பட்டியலில் இது இராது.

பனூ மூஸாவின் ஆதரவில் பக்தாதுக்கு வந்தவர் தாபித் இப்னு குர்ரா. ஹர்ரான் நகரத்தவர், நாணயம் மாற்றும் தொழிலில் இருந்தவர், கி.பி. 901இல் காலமானவர். அவர் முஸ்லிம் அல்லர், ஸாபியீன் சமயத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பெருமைப் பட்டியலில் அவரை ஓசையின்றிச் சேர்த்துக்கொள்வது நேர்மையாகாது. அரபியில் உருளைக்கு ‘உஸ்துவானா’ என்று பெயர். அதனைச் சாய்வாக வெட்டினால் வரும் நீள்வட்டத்தின் பரப்பையும், இரு வெட்டுகளுக்கிடையே எஞ்சும் வளைபரப்பையும் ஆராய்ந்து தனி நூலே எழுதியவர் அவர்.

திருப்பிப் போடும் கலைக்குப் பெயரும் இலக்கணமும் தந்தவர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. பெயர் ஒத்திருந்தாலும் இவர் பனூ மூஸாவைச் சேர்ந்தவர் அல்லர். கலீபா மஃமூனின் ஆட்சியில், கி.பி. 813க்கும் 833க்கும் இடையே, ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ பற்றிய நூலை இயற்றினார். அல்ஜப்ர் என்றால் குறைந்ததை ஈடுசெய்து நிறைவாக்குதல். முகாபலா என்றால் இருபுறமும் எதிரெதிரே நிற்பவற்றைக் கழித்துச் சமன்செய்தல். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் ‘ஜப்ர்’ என்றே சொல்வார்கள். ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டும் வைத்தியரை ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

பாகப்பிரிவினை, வஸிய்யத்து, வழக்கு, வாணிபம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு உதவவே எழுதியதாக அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் பெரும்பகுதி வாரிசுப் பங்குகளைப் பற்றியதே. அளவை பற்றிய அத்தியாயமும் அதில் உண்டு. அங்கே பை என்பதற்கு அவர் தரும் மதிப்புகளுள் ஒன்று 62832க்கு 20000 என்னும் விகிதம். அது கி.பி. 499இல் நம் நாட்டு ஆரியபட்டர் சொன்ன மதிப்பாகும். கொடுத்தவர்களும் கொண்டவர்களும் இப்படிக் கலந்தே இருந்தார்கள்.

வர்க்கமும் மூலங்களும் சேர்ந்து ஓர் எண்ணுக்குச் சமமாகும் கணக்கை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு புகழ்பெற்றது: ஒரு வர்க்கமும் அதன் மூலங்கள் பத்தும் சேர்ந்து 39. பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 39உடன் சேர்த்தால் 64. அதன் மூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழித்தால் 3. ஒரு சதுரத்தை வரைந்து, குறையும் மூலையை நிரப்பி, இது ஏன் சரி என்றும் காட்டினார்.

நமது நெய் டின்னுக்குத் திரும்புவோம். மூடியும் அடியும் உட்பட அதற்குச் செலவான தகடு 748 சதுர சென்டிமீட்டர், உயரம் 10 என்று மட்டும் தெரியும், ஆரம் என்ன? நோட்டுப் புத்தகத்துச் சூத்திரம் எதையும் ஒரே வகுத்தலில் திருப்பி இதற்கு விடை காண முடியாது. ஏனெனில் மொத்தப் பரப்பில் ஆரம் இரண்டு இடங்களில் வருகிறது. 748ஐப் பையின் இருமடங்காகிய 44/7ஆல் வகுத்தால் 119. ஆரத்தின் வர்க்கமும் ஆரத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 119 என்று கணக்கு நிற்கிறது. அல்-குவாரிஸ்மியின் கணக்கேதான், 39க்குப் பதில் 119! பத்தில் பாதி 5, வர்க்கம் 25, 119உடன் சேர்த்தால் 144, மூலம் 12, 5ஐக் கழித்தால் 7.

இந்நூலின் பகுதிகளைச் செஸ்டர் நகரத்து ராபர்ட் கி.பி. 1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் லத்தீனில் பெயர்த்தார். பனூ மூஸாவின் நூலைத் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்டு பெயர்த்தார். இன்று பிள்ளைகள் எழுதும் எழுத்துச் சூத்திரங்கள் அதற்கும் பல நூற்றாண்டுகள் பின்னர் ஐரோப்பாவில் பிறந்தவை. பை என்னும் குறியை இப்பொருளில் வில்லியம் ஜோன்ஸ் அச்சிட்டதே 1706இல்தான். அல்-குவாரிஸ்மியோ கணக்கு முழுவதையும் வாக்கியமாகவே எழுதினார்.

மேற்கண்ட டின் கணக்குக்கு இன்றைய ஆசிரியர் இன்னொரு விடையும் சொல்வார்: பூஜ்யத்துக்குக் கீழே 17. அல்-குவாரிஸ்மி அத்தகைய விடைகளைக் கணக்கில் கொள்ளவில்லை. அந்த ஆரத்தில் டின் செய்துதரத் தகரக் கொல்லர் எவரும் முன்வரமாட்டார் அன்றோ!