பந்தும் பணமும்

தாமிரபரணிக்கு மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. 1843-ல் சுலோசன முதலியார் தம் கைப்பொருளைக் கொட்டிக் கட்டுவித்த பாலம் இரண்டு ஊரையும் சேர்த்து வைத்தது. ஆனால் கல்லூரிப் புட்பால் பந்தயம் என்று வந்துவிட்டால், எந்தப் பாலமும் எங்களைச் சேர்த்து வைக்க முடியாது.

நான் மாணவனாக இருந்த காலத்தில், ஒரு பந்தயத்தில் எங்கள் கல்லூரி மூன்று கோல் வாங்கித் தோற்றது. மூன்றையும் போட்டவன் ஒருவனே. மைதானத்தை விட்டு நாங்கள் வெளியே வருவதற்குள் தோல்விக்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று.

"அவன் படிக்கவா வந்திருக்கான், அண்ணாச்சி? சம்பளம் வாங்காம, ஹாஸ்டல் சோறும் சும்மா போட்டுல்லா கூட்டியாந்திருக்காங்க!" என்றான் கூட வந்தவன்.

அந்த வார்த்தை எங்கள் புண்ணுக்கு நல்ல மருந்தாக இருந்தது. ஆனால் மறு வருஷமே எங்கள் கல்லூரியும் ஒரு கிராமத்துப் பையனை அதே ஏற்பாட்டில் சேர்த்துக் கொண்டது. அதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் வேறு: ஏழை மாணவனுக்கு உபகாரம்!

இந்தச் சந்தேகம் எங்கள் ஊரில் மட்டும் விளைந்த சரக்கல்ல. 1884-ல் இங்கிலாந்துக் கோப்பைப் பந்தயத்தில் பிரெஸ்டன் என்ற ஆலை நகரத்துக் கட்சியோடு லண்டனின் அப்டன் பார்க் கட்சி ஆடியது. பிரெஸ்டன்காரர்கள் கூலி கொடுத்து ஆள் பிடித்திருக்கிறார்கள் என்று லண்டன்காரர்கள் புகார் செய்தார்கள். பிரெஸ்டன் கட்சியை நடத்திய வில்லியம் சடல் மழுப்பவில்லை; ஆமாம், கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். கட்சி பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் 1885-லேயே, பணம் வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று சங்கம் விதியை மாற்றிக்கொண்டது. 1888-89-ல் நடந்த முதல் லீக்கை, ஒரு பந்தயம்கூடத் தோற்காமல், அதே பிரெஸ்டன் வென்றது.

யோசித்துப் பார்த்தால், காசு வாங்காமல் ஆடுவது வீட்டில் காசு இருப்பவனுக்குச் சுலபம். அரை நாள் ஆலைக்குப் போகாவிட்டால் அரை நாள் கூலி போய்விடும் தொழிலாளிக்கு அந்தத் தர்மம் கட்டுப்படியாகாது.

நம் நாட்டிலும் புட்பால் வெகு காலம் பெயரளவில் 'அமெச்சூர்' ஆட்டமாகவே இருந்தது. ஆனாலும் 1949 முதல் 1953 வரை கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கட்சிக்கு முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடினார்கள். அவர்களை அவ்வளவு தூரம் இழுத்துப் போனது பந்தின் மேல் வைத்த பக்தி மட்டும்தானா என்று எதிர்க்கட்சி ரசிகர் ஒருவர் கேட்டிருந்தால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய கூத்து. அங்கே புட்பால் என்பது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். மிச்சிகன் கல்லூரி மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். கல்லூரிகள் ஆட்டக்காரர்களை வலை வீசிப் பிடிப்பதையும் காசு கொடுப்பதையும் கார்னெகி ஸ்தாபனம் 1929-லேயே அறிக்கை போட்டு அம்பலப்படுத்தியது. அதன் பிறகும் வெளியே விதி, உள்ளே வேறு விதி என்று பல்லாண்டு ஓடியது. 2025-ல்தான், கோர்ட்டு ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, கல்லூரியே மாணவனுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. ஒளிவு மறைவு குறைந்தது. பக்கத்துக் கல்லூரியின் பணப்பையைப் பார்த்து முணுமுணுப்பது மட்டும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

எங்கள் கிராமத்துப் பையனுக்கு இரண்டாம் வருஷம் முழங்கால் முறிந்தது. ஹாஸ்டல் சலுகை நின்றது. பரீட்சைக்கு முன்பே ஒருநாள், தகரப் பெட்டியும் கையுமாக அவனை ஜங்ஷனில் பார்த்தேன். "வாரேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துப் போய்ப் பஸ் ஏறினான்.

எவ்வளவு கொடுத்தார்கள் என்று எதிர்க்கட்சிக்காரன் கேட்கிறானே, அது தப்பான கேள்வி அல்ல, பாதிக் கேள்வி. ஆட்டம் நின்ற பிறகு என்ன கொடுத்தார்கள் என்பது மீதிப் பாதி. அன்றைக்கு அதை இரண்டு கரையிலும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.