லைன்மேனுக்கு எத்தனை மார்க்?

லைன்மேன் என்றால் நம் ஊரில் மின்சார வாரியத்துக்காரர். அமெரிக்க ஃபுட்பாலில் லைன்மேன் வேறு ஆள். ஆனால் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்யும்போது அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால்தான் பெயர் ஞாபகம் வரும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில் இந்த ஆட்டம் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. என் அக்கா பையன் டல்லாஸில் இருக்கிறான். அவன் புண்ணியத்தில் நானும் சில வருஷமாகப் பார்க்கிறேன். ஆட்டத்தைவிட எனக்கு அதிகம் பிடித்தது வருஷா வருஷம் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்ட். காலேஜில் ஆடும் பையன்களை, தொழில்முறை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் சடங்கு அது. போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. பையனுக்கு எந்த ஊர் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. (பாங்க்காரன் என்ற முறையில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.)

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பதினொரு பேரில் ஐந்து பேர் முன்னால் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் பந்தை எறியும் குவார்ட்டர்பேக். எதிரணியின் மலை மாதிரி ஆட்கள் அவரைக் கவிழ்க்கப் பாய்வார்கள். இந்த ஐந்து பேர் தடுக்க வேண்டும். தடுப்பவர்களும் லைன்மேன்தான், பாய்பவர்களும் லைன்மேன்தான். குவார்ட்டர்பேக் எத்தனை கெஜம் எறிந்தார், ஓடுகிறவர் எத்தனை கெஜம் ஓடினார், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தடுத்த ஐந்து பேருக்கு? ஒன்றும் கிடையாது. பந்தைத் தொடாமலே ஒரு வருஷம் போய்விடும்.

அப்படியானால் காலேஜிலிருந்து வரும் ஒரு லைன்மேன் நல்லவனா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது? பாலன்ஸ் ஷீட் இல்லாத ஆளுக்குக் கடன் கொடுப்பது மாதிரியான பிரச்சினை இது. இருபது வருஷமாகக் கடன் மனுக்களைப் படித்து வருபவனுக்கு இதன் சரித்திரத்தைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. அந்த ஊர் ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல் கொடுத்த யோசனை. ஒரு கரும்பலகையில் 90 பெயர்கள். ஸ்கௌட் என்று யாரும் கிடையாது. பேப்பரில் படித்தது, தெரிந்த கோச் சொன்னது, அவ்வளவுதான் தகவல். சிகாகோ பேர்ஸ் அணி தன் கடைசி வாய்ப்பில், ஒன்பதாவது சுற்றில், டேனி ஃபோர்ட்மன் என்ற லைன்மேனை எடுத்தது. பெயரின் ஓசை பிடித்திருந்ததால்தான் ஜார்ஜ் ஹாலஸ் அவரை எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த ஃபோர்ட்மன் ஆடிக்கொண்டே டாக்டருக்குப் படித்து முடித்தார். பிற்காலத்தில் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் பிடித்தார். பெயர் நன்றாக இருக்கிறது என்று கடன் கொடுத்து, அதுவும் வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது! எல்லா ஹாலஸுக்கும் அப்படி நடக்காது.

அடுத்த கட்டம், ஆளை அனுப்பிப் பார்ப்பது. 1946இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி எட்டி கோட்டல் என்பவரை ஸ்கௌட்டாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எட்டிப்பார்க்காத சின்ன காலேஜ்களுக்கெல்லாம் அனுப்பியது. அவர்கள் டீக்கன் ஜோன்ஸைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. யாரோ ஓட்டக்காரர்களை எடைபோடத்தான் படச்சுருளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் 270 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 123 கிலோ இருக்கும் ஒரு லைன்மேன் அந்த ஓட்டக்காரர்களையே முந்தி ஓடுகிறார். பார்க்க வந்தது ஒருவரை, கண்ணில் பட்டது இன்னொருவர். 1961இல் 14ஆவது சுற்றில் அவரை எடுத்தார்கள்.

ஏன் 14ஆவது சுற்று வரை மிச்சம் இருந்தார்? அவர் படித்தது கறுப்பர்களுக்கான காலேஜ். முதலில் சேர்ந்த சௌத் கரோலினா ஸ்டேட்டில், சம உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். பிறகு மிசிசிப்பியில் இன்னொரு சின்ன காலேஜ். பெரிய பத்திரிகைகளில் பெயர் வரவே வழியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்கு வாருங்கள்.

இங்கேதான் நம்ம நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். டல்லாஸ் கௌபாய்ஸ் அணி 1960இல் தொடங்கியது. அதன் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம் அதற்கு முன் சிபிஎஸ் டெலிவிஷனில் இருந்தவர். 1960 குளிர்கால ஒலிம்பிக்ஸை ஒளிபரப்பியபோது, ஐபிஎம் கம்ப்யூட்டர் போட்டி முடிவுகளைக் கூட்டிக் கழித்துக் கொடுப்பதைப் பார்த்தார். இதை வைத்து ஆட்டக்காரர்களை எடைபோட முடியாதா என்ற எண்ணம் அவருக்கு வந்தது. ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றிடம் போய்க் கேட்டார். அவர்கள் காட்டிய ஆள் சலாம் குரைஷி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன புள்ளியியல்காரர். அவருக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட். அமெரிக்க ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த கோச்சுகளுக்கோ கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்கௌட்டிங்குக்குப் பொறுப்பாக இருந்த கில் பிராண்ட், முன்பு குழந்தைகளைப் படம் எடுக்கும் போட்டோகிராபர். நல்ல கூட்டணி!

முதல் தடை கம்ப்யூட்டர் இல்லை, வார்த்தைகள்தான். கோச்சுகள் 'குயிக்' என்பார்கள். குயிக் என்றால் என்ன? நூறு கெஜம் வேகமாக ஓடுவதா? முதல் இரண்டு அடியை வேகமாக வைப்பதா? திடீரென்று உடம்பைத் திருப்புவதா? ஓட்டக்காரருக்குச் சொல்லும் குயிக்கும் லைன்மேனுக்குச் சொல்லும் குயிக்கும் ஒன்றல்ல. 'நல்ல பையன்', 'முரட்டு ஆள்' இதெல்லாம் சொல்பவரைப் பொறுத்து மாறும். ஆட்டம் தெரிந்தவன் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான், தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். தெரியாதவர் வந்ததால்தான் கேட்க வேண்டியதாயிற்று.

எனக்கு இது எங்கே உறைத்தது என்றால், பழைய கடன் ஃபைல்களில் 'பார்ட்டி நமக்கு நன்கு தெரிந்தவர், நடவடிக்கை திருப்திகரம்' என்று ஒரு வரி இருக்கும். எழுதிய மேனேஜர் ரிடையர் ஆகி ஊருக்குப் போயிருப்பார். திருப்தி என்றால் எந்த அளவு என்று யாரிடம் போய்க் கேட்பது?

சுமார் 300 அம்சங்களில் தொடங்கி, சில வருஷ உழைப்புக்குப் பிறகு, அளக்க முடியாத குணங்களை ஐந்தாகச் சுருக்கினார்கள். நடத்தை, சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மூளைக் கூர்மை, பலமும் அது வெடித்து வெளிப்படும் வேகமும். ஸ்கௌட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். உயரம், எடை, ஓட்ட நேரம் தனி. லைன்மேனுக்கு இது பெரிய மாற்றம். கெஜக் கணக்கு இல்லாதவனுக்கும் ஒரு தாள், அதில் எண்கள். மார்க் என்று ஒன்று பதிவாகிவிட்டால், ஐந்து வருஷம் கழித்து யார் போட்டது பலித்தது, யார் போட்டது பலிக்கவில்லை என்று திரும்பிப் பார்க்கவும் முடியும். செலவைப் பகிர ராம்ஸும் சான்ஃபிரான்சிஸ்கோவும் சேர்ந்துகொண்டன, பிறகு நியூ ஆர்லியன்ஸும். குரைஷி பின்னால் சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, கலிஃபோர்னியாவில் முன்னுக்கு வந்த ஆரம்பகால இந்தியர்களில் ஒருவரானார்.

அந்தக் காலத்தில் கௌபாய்ஸ் எடுத்த லைன்மேன்களைப் பாருங்கள். 1965இல் 11ஆவது சுற்றில் ஜெத்ரோ ப்யூ. 1967இல் 7ஆவது சுற்றில் ரேஃபீல்ட் ரைட். 1968இல் 16ஆவது சுற்றில் லாரி கோல். மூன்று பேருமே பத்து வருஷத்துக்கு மேல் ஆடினார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் மகிமை என்று சொல்லமாட்டேன். பிராண்ட் சின்ன காலேஜ் கோச்சுகளோடு ஓயாமல் தொடர்பு வைத்திருந்தார், அதற்கும் பங்கு உண்டு. ரைட் ஜார்ஜியாவில் ஃபோர்ட் வேலி ஸ்டேட் என்ற கறுப்பர் காலேஜில் படித்தவர், கூடைப்பந்தில் நாட்டம் அதிகம். டாக்கிள் என்ற லைன்மேன் வேலையை அவர் செய்ததே இல்லை. உடம்பையும் கால்களையும் பார்த்து எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். 'நடத்தை' என்ற கட்டத்தில் மார்க் போடுவது யார்? 1960களில், தெற்கு மாநிலங்களில், ஒரு வெள்ளைக்கார ஸ்கௌட். போராட்டத்துக்குப் போய் உதவித்தொகையை இழந்த டீக்கன் ஜோன்ஸுக்கு அந்தக் கட்டத்தில் ஒன்பதுக்கு எத்தனை விழுந்திருக்கும்? வார்த்தையை எண்ணாக்கினால் தெளிவு வரும். எழுதும் கை மாறாது.

கையையே மாற்றிப் பார்த்தது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். அந்த ஊரில் கறுப்பர்கள் நடத்திய 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் பில் நன், 1950 முதல் கறுப்பர் காலேஜ்களின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலைத் தொகுத்து வந்தார். ஊர் அணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அவருக்குக் கோபம். 1960களின் கடைசியில் அவரையே ஸ்கௌட்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1969இல் 10ஆவது சுற்றில் எல்.சி. கிரீன்வுட், 1971இல் 8ஆவது சுற்றில் எர்னி ஹோம்ஸ், இரண்டு பேரும் கறுப்பர் காலேஜ் லைன்மேன்கள். ஜோ கிரீன், ட்வைட் வைட் என்ற மற்ற இருவரோடு சேர்ந்து இவர்கள் நின்ற வரிசைக்குத்தான் 'ஸ்டீல் கர்ட்டன்' என்று பெயர். 1975 ஜனவரியில் அந்த அணிக்கு முதல் சூப்பர் பௌல். நன் 2021இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அப்போது அவர் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு எண்களின் காலம். 1982இல் டாம்பாவில் 163 பையன்களை ஒரே இடத்துக்கு வரவழைத்துச் சோதித்தார்கள். இன்று 'கம்பைன்' என்று சொல்வது அங்கே தொடங்கியதுதான். 1987 முதல் இண்டியானாபொலிஸ். 40 கெஜ ஓட்டம், 102 கிலோ பளுவைப் படுத்துக்கொண்டு எத்தனை தடவை தூக்குகிறான், கை எத்தனை அங்குலம், எல்லாம் அளப்பார்கள். மாட்டுச் சந்தை என்று திட்டுபவர்களும் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு.

அளவுகோல் மட்டும் போதுமா என்றால் 1989ஐப் பார்க்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் காலேஜின் டோனி மாண்டரிச், 140 கிலோவுக்கு மேல் எடை. 40 கெஜத்தை 4.65 விநாடியில் ஓடினார் என்றார்கள். பளுவை 39 தடவை தூக்கினாராம். பத்திரிகை அட்டையில் படம். கிரீன் பே பாக்கர்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. அந்த வருஷம் முதல் ஐந்து பேரில் மற்ற நான்கு பேரும் ஹால் ஆஃப் ஃபேம் போனார்கள். மாண்டரிச் கிரீன் பேயில் மூன்று சீசன்தான் ஆடினார். காலேஜில் ஸ்டீராய்டு எடுத்ததை 2008இல் அவரே ஒப்புக்கொண்டார். அந்த பாலன்ஸ் ஷீட்டில் எண்கள் எல்லாம் இருந்தன, ஆடிட்டர்தான் இல்லை.

இப்போது இன்னொரு வழி வந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் 2000களில் தொடங்கிய ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் என்ற நிறுவனம், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு தடவை பந்து நகரும்போதும் ஒவ்வொரு ஆளுக்கும் மைனஸ் 2இலிருந்து பிளஸ் 2 வரை மார்க் போடுகிறது. 2014 முதல் காலேஜ் ஆட்டங்களுக்கும். கணக்கே இல்லாமல் இருந்த லைன்மேனுக்கு இப்போது ஆயிரக்கணக்கில் வரவு செலவு. அதற்காகக் கைநீளப் பேச்சு குறைந்துவிடவில்லை. 2025 டிராஃப்டில் எல்.எஸ்.யூ. காலேஜின் வில் கேம்ப்பெல் கை 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று கம்பைனில் அளந்துவிட்டார்கள். டாக்கிளாக நிற்கலாமா கூடாதா என்று மாசக்கணக்கில் விவாதம். கடைசியில் நியூ இங்கிலாந்து அவரை நான்காவது ஆளாக எடுத்துக்கொண்டது.

கடைசியாக ஒரு ஆட்டம். 1969 நவம்பரில் கௌபாய்ஸ் ராம்ஸோடு மோதியது. வழக்கமான டாக்கிளுக்குக் காயம். அந்த இடத்தில் முதல்முறையாக ஆரம்பத்திலிருந்தே இறங்கியவர் 7ஆவது சுற்று ரேஃபீல்ட் ரைட். எதிரே நின்றவர் 14ஆவது சுற்று டீக்கன் ஜோன்ஸ். குவார்ட்டர்பேக்கைக் கவிழ்ப்பதற்கு 'சாக்' என்ற சொல்லைப் பரப்பியவரே ஜோன்ஸ்தான். ஆனால் சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். அவர் ரிடையர் ஆகி எட்டு வருஷம் கழித்து. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படங்களையும் வருஷக்கணக்காகத் துருவி எடுத்த பட்டியல் 2021இல் வெளியானது. ஜோன்ஸுக்கு 173.5 என்று போட்டிருக்கிறது. அவர் 2013இலேயே காலமாகிவிட்டார்.

ரைட் 2006இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார், 2022இல் மறைந்தார். ஜோன்ஸை அவர் எத்தனை தடவை தடுத்து நிறுத்தினார் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.